தங்கரத்தினம் வாசித்த எண்கள்

தங்கரத்தினம் ஒரு நம்பரைச் சொன்னால் மறுமுனையில் இருப்பவர் "என்ன, என்ன?" என்று திருப்பிக் கேட்க வேண்டி வராது. ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரே அளவு இடம் கொடுப்பார். ஒரே இலக்கம் இரண்டு முறை வந்தால் டபுள். மூன்று இலக்கத்துக்கு ஒரு மூச்சு. முடிந்ததும் முழுவதையும் இன்னொரு தடவை, அவசரமில்லாமல் சொல்வார். ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தொன்பது வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவருக்கு இதுகூட வராவிட்டால் எப்படி? சந்தையில் மீன் விலையைக்கூட அவர் அப்படித்தான் திருப்பிச் சொல்வார் என்று பகிடி பண்ணுபவர்கள் ஊரில் இருந்தார்கள்.

பென்சன் எடுத்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை, அவரும் அதை விடவில்லை. உட்துறைமுக வீதியில் கணவர் வைத்துவிட்டுப் போன சின்னக் கடையில் ஒரு கொமினிகேசன் திறந்தார். இரண்டு ரெலிபோன், ஒரு ஃபக்ஸ், ஒரு போட்டோக்கொப்பி மெசின், இன்ரநெற் பார்க்க ஒரு கொம்பியூட்டர். வெளிநாட்டில் பிள்ளை இருப்பவர்கள், கட்டாரில் புருசன் இருப்பவர்கள், அரசாங்கக் கந்தோருக்குக் கடிதம் அனுப்புபவர்கள் எல்லாரும் அங்கே வருவார்கள். அவருடைய ஒரே மகள் கமலேஸ்வரி ரொறன்ரோவில் இருந்தாள். வரச் சொல்லி மகள் வருடத்துக்கு நாலு தடவை கேட்பாள். குளிருக்குள் வந்து யாருக்கு நம்பர் சொல்வது என்று தாய் பதில் கொடுப்பார். பிடிவாதக்காரி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வராது, உள்ளூர ஒரு சந்தோசம்கூட வரும்.

இது 2008ஆம் வருடத்துக் கதை, யுத்த காலம். அந்த நாளில் திருகோணமலையில் கடைகள் பொழுது சாய முதலே பூட்டப்பட்டுவிடும். இன்னாரை இரண்டு நாளாகக் காணவில்லையே என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால், கேட்டவரைப் பற்றி இன்னொருவர் கேட்கத் தொடங்குவார். ஊர் முழுக்க மரியாதையாக, மெதுவாகக் கதைத்தது. அதைப் பார்த்து ஊர் அமைதியாக இருக்கிறது என்று கொழும்புப் பேப்பர்கள் எழுதின.

மாசி மாதம் ஒரு நாள் காலை பத்தரைக்கு, பக்கத்து மருந்துக்கடை இராசதுரையை இலக்கத்தகடு இல்லாத ஒரு வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடையில் இரண்டு பேர் மருந்து வாங்க நின்றார்கள். தங்கரத்தினம் ஃபக்ஸ் மெசினுக்குக் கடதாசி போட்டுக்கொண்டிருந்தார். வானின் கதவு இழுபட்டுச் சாத்திய சத்தம் மட்டும்தான் அவருக்குக் கேட்டது. மருந்துக்கடை மூன்று நாள் திறந்தபடியே கிடந்தது. பூட்டப் போனால் நீ ஏன் பூட்டினாய் என்று கேள்வி வரும். நாலாம் நாள் இராசதுரையின் தமக்கை வந்து பூட்டிவிட்டுப் போனா. அவ யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை, பக்கத்துக் கடைகளில் இருந்தவர்களும் அவவைப் பார்க்கவில்லை. தங்கரத்தினத்துக்கு அன்று முழுக்க வெட்கமாக இருந்தது.

செய்தி ரொறன்ரோவுக்குப் போனது. மகள் இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். கடையில் கமரா பொருத்திப் பூட்ட வேண்டும். அங்கிருந்தபடியே தாயைப் பார்க்க வேண்டும். வராவிட்டால் போகட்டும், கண்ணில் தெரிந்தால் போதும்.

கமரா பூட்ட வந்தவர் ஜெமீல். குறிஞ்சாக்கேணிக்காரர், முப்பத்தைந்து வயது, கொம்பியூட்டர் திருத்துவது தொழில். கிண்ணியாத் துறையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவைப் பாதையில் ஏறி, அக்கரையில் இறங்கி, பஸ் பிடித்து, இரண்டு சோதனைச் சாவடியில் பையை அவிழ்த்துக் காட்டி, வயரையும் ஆணியையும் திரும்பப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு வருவார். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. கடையின் கொம்பியூட்டரை முதன்முதல் பூட்டித் தந்ததும் அவர்தான். வந்தால் தங்கரத்தினம் இஞ்சி போட்டுப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுப்பார். அன்று மனைவி றம்ஸியாவுக்கு மூன்றாவதும் பெண் பிள்ளை என்று சொல்லி ஒரு பை சீனிமிட்டாயும் கொண்டு வந்திருந்தார். பிள்ளைக்கு நாற்பது நாள்.

கமரா இரண்டு. ஒன்று தங்கரத்தினத்தின் கதிரையும் மேசையும் மட்டும் தெரிய உள்ளே. மற்றது வாசலுக்கு மேலே. படத்தைச் சேர்த்து வைக்கும் பெட்டி அலுமாரிக்குள் போனது. பெட்டியின் முதுகில் ஜெமீல் தன் பெயரும் ஊரும் ரெலிபோன் நம்பரும் அச்சடித்த சின்ன ஸ்ரிக்கர் ஒன்றை ஒட்டினார். எல்லாத் திருத்துபவர்களும் ஒட்டுவதுதான். பழுதானால் கூப்பிட வசதி.

இனி, கடைக்குள் இருக்கும் படத்தை ரொறன்ரோவுக்குக் காட்ட வேண்டும். ஜெமீல் கதிரையை இழுத்துப்போட்டு விளங்கப்படுத்தினார்.

"அக்கா, இந்த ரவுட்டருக்கு ஆயிரக்கணக்கில கதவு இரிக்கி. வெளியால வாற ஆருக்கும் ஒண்டும் திறவாது. நாங்க எட்டாயிரமாம் நம்பர்க் கதவை மட்டும் திறந்து, அதால வாற ஆளை நேர கமராப் பெட்டிக்கு அனுப்பச் சொல்லி வைக்கப் போறம்."

தங்கரத்தினம் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு அவருக்கு முகம் மலர்ந்தது. இதிலே கதவு எங்கே வந்தது, இது எக்ஸ்ரென்சன் அல்லவா என்று கேட்டார். வெளியில் இருந்து கோல் வருகிறது. இன்ன எக்ஸ்ரென்சன் வேண்டும் என்கிறார்கள். ஒப்பரேற்றர் வயரை எடுத்து அந்த ஓட்டையில் செருகுகிறார். இருபத்தொன்பது வருடம் தான் செய்த வேலையை இந்தச் சின்னக் கறுப்புப் பெட்டி செய்கிறது, அவ்வளவுதானே? ஜெமீல் சிரித்துவிட்டார். இத்தனை பேருக்கு விளங்கப்படுத்தியும் இப்படி ஒருவரும் பிடித்துக்கொள்ளவில்லை என்றார்.

அதோடு தங்கரத்தினம் விடவில்லை. தானும் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டு, ஜெமீல் பூட்டியதை அழிக்கச் சொல்லிவிட்டு, மூன்று தடவை தானே முதலில் இருந்து செய்தார். ரவுட்டருக்குள் போவது, கமராப் பெட்டிக்கு உள் நம்பர் மாறாதபடி ஒன்று ஒன்பது இரண்டில் தொடங்கி இருபதில் முடியும் நம்பரைக் கட்டிவைப்பது, எட்டாயிரத்தை அதற்குக் கொடுப்பது, சேமிப்பது. எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்து நம்பர் சொல்பவர்களை அவர் ஒப்பரேற்றர் என்று மதிப்பதில்லை.

ஒரு குறை மட்டும் இருந்தது. உள் நம்பர் மாறாது, வெளி நம்பர் மாறும். கறண்ட் போய் ரவுட்டர் நின்று திரும்ப எழும்பினால், கொம்பனி அதற்குப் புதிதாக ஒரு நம்பர் கொடுத்துவிடும். பழைய நம்பரை அடித்தால் மகளுக்குக் கடை தெரியாது. திருகோணமலையில் அந்த நாளில் கறண்ட் போகாத நாள் எது? இதற்கு வழி இருக்கிறது, இன்ரநெற்றில் இலவசமாக ஒரு பெயரைப் பதிந்துவிட்டால் நம்பர் மாறினாலும் பெயர் மாறாது, மகள் பெயரை அடித்தால் போதும் என்றார் ஜெமீல்.

தங்கரத்தினம் மறுத்துவிட்டார். "நான் நம்பர் சொல்லித்தான் தம்பி பென்சன் எடுக்கிறன். எனக்குப் பேர் ஒண்டும் தேவையில்லை."

கர்வம்தான். ஆனால் கர்வம் மட்டுமில்லை. பெயர் இருந்தால் மகள் தன்பாட்டில் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். நம்பர் என்றால் தாய் காலையில் கோல் எடுத்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் மகளின் குரலைக் கேட்க ஒரு நியாயமான காரணம் கிடைத்திருக்கும்போது அதை ஏன் கை நழுவ விட வேண்டும்? இதை அவர் ஜெமீலிடம் சொல்லவில்லை.

போகும்போது ஜெமீல் வாசல் கமராவின் படத்தைக் காட்டினார். வீதி நன்றாகத் தெரிந்தது. வீதியில் போகும் இராணுவத்தின் பச்சை வாகனங்கள் தெரிந்தன. மூலையில் ஒரு கீற்று நீலம், துறைமுகத்துத் தண்ணீர். கமராவைக் கொஞ்சம் கீழ்நோக்கிப் பணித்து, வாசற்படி மட்டும் தெரிய விடட்டுமா என்று கேட்டார். தங்கரத்தினத்துக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் மகள் அப்போதே படத்தைப் பார்த்துக்கொண்டு லைனில் இருந்தாள். கடல் தெரிகிறது, ஒன்பது வருடத்துக்குப் பிறகு எங்கள் கடலைப் பார்க்கிறேன், அப்படியே விடுங்கோ என்று கெஞ்சினாள். விட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேல், தங்கரத்தினத்தின் வாழ்க்கையில் நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும். காலை ஏழரைக்குக் கடையைத் திறப்பார். ரவுட்டரின் புது நம்பரைத் திரையில் பார்ப்பார். ரொறன்ரோவில் அப்போது இரவு. கோல் எடுத்து, "ரூ சீரோ த்ரீ. சீரோ. டபுள் வண் த்ரீ. ஃபோ செவன்," என்று சொல்லி, முழுவதையும் திருப்பிச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் மகள், அம்மா நீலச்சீலை என்பாள். சாப்பிட்டீங்களோ என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்றால் நம்பமாட்டாள். அதனால் தங்கரத்தினம் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிட்டையோ இடியப்பத்தையோ சாப்பிட்டு முடித்து, வெறும் தட்டைக் கமராவுக்குத் தூக்கிக் காட்டுவார். அது நாளாந்த வழக்கமாகிவிட்டது. கடைக்கு வந்தவர்கள் இந்த மனுசிக்கு என்ன வந்தது என்று நினைத்திருப்பார்கள்.

பங்குனி நடுவில், கடைக்கு முன்னால் இருந்த ரெலிபோன் தூணில் ஏணி வைத்து ஒருவன் ஏறி நின்றான். ஊரில் கம்பியில் வேலை செய்யும் ஒவ்வொருவரையும் தங்கரத்தினத்துக்குப் பெயர் சொல்லித் தெரியும். இவனைத் தெரியவில்லை. பழைய ஆள் என்ற உரிமையில் வெளியே வந்து, எந்தச் சோடிக் கம்பி பழுது என்று கேட்டார். அவன் கீழே பார்த்து முழித்தான். கம்பி சோடி சோடியாகத்தான் வரும் என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. இறங்கி, ஏணியை மடித்துக்கொண்டு, கால்நடையாகவே போய்விட்டான்.

அடுத்த நாள் காலை நம்பர் சொல்லும்போது மகளின் குரல் கொஞ்சம் இறங்கிக் கேட்டது. நூற்றில் ஒருவருக்குக்கூட விளங்காது. தங்கரத்தினத்துக்கு விளங்கியது. ஒரு கம்பியில் மூன்றாவது காது ஒன்று வந்து ஒட்டினால் குரல் அந்த அளவுதான் இறங்கும். அவருக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு காலத்தில் அந்த மூன்றாவது காதை ஒட்டவைத்தவர் அவர்தான்.

இருபத்திரண்டு வருடமாக அவர் யாருக்கும் சொல்லாத கதை இது. செத்துப்போன கணவருக்கும் சொல்லவில்லை.

1986இல் தம்பலகாமத்தில் குலசிங்கம் மாஸ்டர் என்று ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். பள்ளிக்கூட வளவில் மழை அளக்கும் கருவி ஒன்றைப் பொறுப்பெடுத்துப் பார்த்துவந்தார். காலையில் அதில் நின்ற மழையையும் குளத்து மட்டத்தையும் அளந்து, தபால் கந்தோரில் இருந்து கொழும்பு வானிலைக் கந்தோருக்குக் கோல் எடுத்துச் சொல்வார். கோல் எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் போகும். நாலு புள்ளி ரெண்டு, பதினொண்டு புள்ளி ஆறு. மழை இல்லாத நாளிலும் விடமாட்டார். பூச்சியம் புள்ளி பூச்சியம் என்று சொல்லவா மாஸ்டர் இவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்தனீங்கள் என்று தங்கரத்தினம் அவரைச் சீண்டுவார். பூச்சியமும் ஒரு அளவுதான் தங்கச்சி என்பார் அவர்.

அந்த வருடம் ஐப்பசியில், சீருடை போடாத ஒரு அதிகாரி வந்து மூன்று கிழமை தங்கரத்தினத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். காட்டிய லைனில் எல்லாம் அவருக்கும் ஒரு காது கொடுக்க வேண்டும். கொடுத்தார். நாலாம் நாள் காலை, குலசிங்கம் மாஸ்டர் எண்களை வாசித்துக்கொண்டிருக்கும்போது அதிகாரி கையை உயர்த்தி, இது யார் என்று கேட்டார். தங்கரத்தினம் பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். பள்ளிக்கூடத்தைச் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். இது என்ன நம்பர் என்று அடுத்துக் கேட்பார், மழை என்று சொல்லலாம் என்று தங்கரத்தினம் காத்திருந்தார். அவர் கேட்கவில்லை. இவர் சொல்லவில்லை. வீட்டில் பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளை இருந்தது. பயம். பயம்தான், வேறு ஒரு காரணமும் இல்லை.

ஐந்து நாள் கழித்துத் தம்பலகாமத்தில் இருந்து கோல் வரவில்லை. அன்று நல்ல மழை. பத்தாம் நாள் மாஸ்டரின் மனைவி நனைந்துகொண்டு எக்ஸ்சேஞ்சுக்கு வந்து, போன வியாழக்கிழமை அவர் கோல் எடுத்தவரா என்று கேட்டா. ஓம் எடுத்தவர் என்று மட்டும் தங்கரத்தினம் சொன்னார். கேட்டதற்குப் பதில். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மாஸ்டர் திரும்பி வரவேயில்லை.

இப்போது தங்கரத்தினம் கடையில் உட்கார்ந்து, ஐந்து கிழமையாகத் தான் என்ன செய்திருக்கிறேன் என்று அந்த மூன்றாவது காதின் பக்கத்தில் இருந்து யோசித்துப் பார்த்தார். துறைமுக வீதியில் ஒரு கடை. வாசலில் ஒரு கமரா. அதில் பச்சை வாகனங்களும் தண்ணீரும் தெரிகின்றன. படம் வெளிநாட்டுக்குப் போகிறது. ஒவ்வொரு நாள் காலையும் ஒரு கிழவி வெளிநாட்டுக்குக் கோல் எடுத்து, ஒவ்வொரு நாளும் மாறும் ஒரு இலக்க வரிசையை, தேர்ந்த ஆள் மாதிரி இரண்டு தடவை வாசிக்கிறாள். கேட்பவன் அடுத்துக் கேட்கப் போகும் கேள்வி என்ன என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவனுக்குக் கிழவி தேவைப்படமாட்டாள். இதைப் பூட்டத் தெரிந்த ஆள் யார் என்றுதான் கேட்பான்.

அலுமாரியைத் திறந்து பெட்டியைத் திருப்பினார். ஜெமீல், குறிஞ்சாக்கேணி, ரெலிபோன் நம்பர். எல்லாம் தெளிவாக, நல்ல நீல எழுத்தில் இருந்தது.

கத்தியால் சுரண்டினார். பசை போகவில்லை. வீட்டில் இருந்து ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுவந்து, துணியில் நனைத்துத் தேய்த்து எடுத்தார். கடைக் கொப்பியில் ஜெமீல் எழுதித் தந்திருந்த நம்பரையும் கிழித்து எரித்தார். நம்பர் மனதில் இருந்தது, அதை மட்டும் ஒன்றும் செய்ய ஏலாது. கமராவைக் கழற்றிவிடலாமா என்றும் யோசித்தார். கேட்கத் தொடங்கிய பிறகு கழற்றினால் ஒளித்த மாதிரி ஆகும். கோலை நிறுத்தினாலும் அப்படித்தான். எதையும் மாற்றாமல் அதே மாதிரி இருப்பதுதான் நல்லது என்று முடிவு செய்தார். லைனில் ஆள் இருக்கும்போது மகளுக்கும் ஒன்றும் சொல்ல ஏலாது. ஜெமீலுக்குக் கோல் எடுக்கவே ஏலாது. கட்டாரில் இருக்கும் புருசனோடு கதைக்கக் கிழமைக்கு ஒருக்கால் கிண்ணியாவில் இருந்து வரும் ஸல்ஹாவிடம், மெசின் நன்றாக வேலை செய்கிறது, தம்பி இந்தப் பக்கம் வரத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. எட்டு நாளும் காலையில் நம்பரை வாசித்தார், தட்டைக் காட்டினார். ஒவ்வொரு நாளும் குரல் அந்த அளவு இறங்கியே கேட்டது.

ஒன்பதாம் நாள் காலை கடையைத் திறந்து, கதிரையில் உட்கார்ந்து, பிட்டுத் தட்டை மூடியபடி மேசையில் வைத்தார். இரவு கறண்ட் போகவில்லை, பழைய நம்பரேதான். மகளுக்கு இப்போது படம் தெரிந்துகொண்டிருக்கும். அப்போது இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவருக்கு ஐம்பது வயது இருக்கும், அயர்ன் பண்ணிய சேட். மற்றவர் இளம் ஆள். வீதியில் கடைக்கு நேரே இல்லாமல், மருந்துக்கடைப் பக்கமாகத் தள்ளி ஒரு வான் நின்றது. வாசல் கமராவுக்கு அந்த இடம் எட்டாது. அவர்கள் அதைக் கணக்குப் பார்த்துத்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று தங்கரத்தினத்துக்கு உடனே விளங்கியது.

மூத்தவர் நல்ல தமிழில், மரியாதையாகக் கதைத்தார். கடை எப்படிப் போகிறது என்று கேட்டார், மகளைக் கேட்டார், பெயர் சொல்லியே கேட்டார். பிறகு கமராவை அண்ணாந்து பார்த்தார்.

"அம்மா, இதை ஆர் பூட்டித் தந்தது?"

இருபத்திரண்டு வருடம் கழித்து அதே கேள்வி. தங்கரத்தினத்தின் குரல் எக்ஸ்சேஞ்சில் இருந்த மாதிரியே வந்தது.

"நான்தான்."

இளம் ஆள் சிரித்தான். கொம்பியூட்டரில் உட்கார்ந்து ரவுட்டருக்குள் போய், எட்டாயிரத்தை அழித்தான். பெட்டிக்குக் கட்டியிருந்த உள் நம்பரையும் அழித்தான். கதிரையை விட்டு எழும்பி, கையைக் காட்டினான். செய்து காட்டச் சொல்கிறான்.

தங்கரத்தினம் போய் உட்கார்ந்தார். ஒரு இலக்கத்தைப் பிழையாக அடித்துத் திருத்தினார். உள் நம்பரைக் கட்டினார். எட்டாயிரத்தை அதற்குக் கொடுத்தார். சேமிக்கப் போகும்போது வாசலில் நிழல் விழுந்தது.

ஜெமீல். தோளில் பை, பைக்குள் இருந்து ஒரு முழம் வயர் வெளியே தொங்கியது. மெசின் நன்றாக இருக்கிறது என்று அக்கா சொல்லி அனுப்பியது ஏதோ உபசாரம், இன்ரநெற்றில் அந்தப் பெயரைப் பதிந்து கொடுக்காமல் விட்டது தன் பிழை என்று நினைத்து, பாதை ஏறி வந்திருக்கிறார். ஒழுங்கான மனிதர்களால் வரும் ஆபத்து இது. "அக்கா" என்று தொடங்கினார்.

தங்கரத்தினம் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "போட்டோக்கொப்பி மெசின் பழுது தம்பி. வேற கடையில எடுங்கோ."

ஜெமீல் நின்றார். இரண்டு பேரையும் பார்த்தார். திறந்து கிடந்த அலுமாரியையும், அதற்குள் பெட்டியின் முதுகில் ஸ்ரிக்கர் இருந்த இடம் வெளுத்துக் கிடப்பதையும் பார்த்தார்.

"சரி மிஸ்," என்றார்.

அவர் ஒரு நாளும் தங்கரத்தினத்தை மிஸ் என்று கூப்பிட்டதில்லை. படியிறங்கிப் போகும் செருப்புச் சத்தம் அவசரப்படாமல் போனது. அது வீதியின் சத்தத்தோடு கலந்து இல்லாமல் போகும்வரை தங்கரத்தினம் காது கொடுத்துக் கேட்டார். யார் அது என்று மூத்தவர் கேட்டார். கொப்பி எடுக்க வருபவர்கள் எல்லாரையும் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, சேமித்தார். படம் வந்தது. இளம் ஆளின் முகத்தில் சிரிப்பு இல்லை. கிழவிக்குத் தெரிந்திருக்கிறது.

மூத்தவர் சேட் பையில் இருந்து ஒரு கடதாசியை எடுத்து விரித்தார். தேதி போட்டு, காலையில் அவர் மகளுக்கு வாசித்த நம்பர்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இழுத்து, புள்ளி எங்கே, இலக்கம் எங்கே என்று தெரியாமல் வாசித்தார். இதெல்லாம் என்ன என்று கேட்டார். தங்கரத்தினத்துக்கு அந்த நிலையிலும் எரிச்சல் வந்தது. கடதாசியை வாங்கி, முதல் வரியைச் சரியாக வாசித்துக் காட்டினார். பிறகு உள்ளது உள்ளபடி சொன்னார். கறண்ட் போனால் நம்பர் மாறும். மகளுக்குச் சொல்ல வேண்டும். வேறு ஒன்றுமில்லை.

"மகள் எங்கட கடலைப் பாக்க ஆசைப்பட்டவள்," என்று முடித்தார்.

மூத்தவர் தலையாட்டினார். ஒன்றும் எழுதவில்லை. இளம் ஆளும் எழுதவில்லை. அவர்கள் எழுதாமல் இருந்தபோதுதான் தங்கரத்தினத்துக்கு எல்லாம் விளங்கியது. குலசிங்கம் மாஸ்டரும் மழை என்று சொல்லியிருப்பார். திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பார். அதைவிட உண்மையான சொல் அந்த மனிதனிடம் இருந்திருக்காது.

ஒரு சின்ன வாக்குமூலம், அரை மணித்தியாலத்தில் கொண்டுவந்து விடுகிறோம் என்றார் மூத்தவர். சாப்பாட்டைக் காகத்துக்கு வைத்துவிட்டு வரலாமோ என்று தங்கரத்தினம் கேட்டார். அதற்கு அனுமதி கிடைத்தது. பிட்டைக் கடதாசியில் கொட்டிப் பின் யன்னல் கட்டில் வைத்தார். தட்டைச் சீலைத் தலைப்பால் துடைத்தார். திரும்பி வந்து, வழக்கமான இடத்தில் நின்று, வெறும் தட்டைக் கமராவுக்குத் தூக்கிக் காட்டினார். ஒவ்வொரு நாளும் பிடிக்கும் அளவு நேரம் பிடித்தார்.

அது என்ன என்று இளம் ஆள் கேட்டான். சாப்பிட்டுவிட்டேன் என்று மகளுக்குச் சொல்வது என்றார்.

இளம் ஆள் சுவரில் இருந்து ரவுட்டரின் வயரைப் பிடுங்கினான். விளக்குகள் அணைந்தன. மூத்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை, போட்டுவிடு, யார் வந்து பார்க்கிறார்கள் என்று பார்ப்போம் என்று சிங்களத்தில் சொன்னார். வயர் திரும்பச் செருகப்பட்டது. தங்கரத்தினம் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். இரண்டு பக்கமும் இரண்டு பேர். படியில் நின்று ஒருக்கால் திரும்பிப் பார்த்தார். ரவுட்டரில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. கடைசி விளக்கு கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டு நிலையாக நின்றது.

புது நம்பர் வந்துவிட்டது.

கமரா இரண்டும் வேலை செய்தன. வெறும் கதிரை, மேசையில் துடைத்த தட்டு, வீதி, மூலையில் கடல். இனி அந்த நம்பரை வாசித்துச் சொன்னால் போதும். ரொறன்ரோவில் படம் நின்றுபோயிருக்கும். அம்மா சாப்பிட்டுவிட்டா, கறண்ட்தான் போயிட்டுது என்று நினைத்து, கமலேஸ்வரி பேனையும் கடதாசியும் எடுத்து வைத்துக்கொண்டு ரெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.